வாளையார் இறக்கத்தில் பெட்ரோல் கணக்கு

கோயம்புத்தூரிலிருந்து வாளையார், கஞ்சிக்கோடு வழியாகப் பாலக்காட்டுக்குக் கார்த்திகை மாதத்தில் கார் ஓட்டிப் போகிறவர்களிடம் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துதான் பதில் சொல்வார்கள். அதே வண்டியை, அதே ஆளை, அன்று மாலை திரும்பி வரும்போது கேட்டால் பேச்சு மாறிவிடும். வண்டியைச் சர்வீஸுக்கு விட வேண்டும் என்பார், பெட்ரோலில் கலப்படம் என்பார். காலையில் கிடைத்ததைத் தன் ஓட்டும் திறமைக்கும், மாலையில் போனதை வண்டிக்கோ பெட்ரோல் பங்குக்கோ வரவு வைப்பது மனித இயல்பு. உண்மையில் இரண்டுக்கும் காரணம் அந்தச் சாலை அமைந்திருக்கும் இடம்.

எப்படி ஓட்டினால் எண்ணெய் மிச்சமாகும் என்பதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. இறக்கத்தில் நியூட்ரல் தட்டு, ஆக்சிலரேட்டரை முட்டையை மிதிப்பதுபோல மிதி, ஏசியைப் போடாதே, அறுபதைத் தாண்டாதே. இவற்றில் எது நிஜமாகவே பலன் தருகிறது என்று சோதிக்க வேண்டுமானால், முதலில் சாலையும் காற்றும் செய்யும் வேலையைத் தனியே பிரித்து எடுத்துவிட வேண்டும். அதைப் புரிந்துகொள்ளக் கஞ்சிக்கோடு வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 544-ஐவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவராக நிற்கிறது. அந்தச் சுவரில் உள்ள மிகப் பெரிய திறப்பு பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த நிலம். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காடு சுமார் 85 மீட்டர். இடையே 50 கிலோமீட்டர் தூரம். மலைச்சாலைபோல வளைந்து இறங்காமல் மெல்ல மெல்ல இறங்குவதால், 300 மீட்டருக்கும் மேல் கீழே வந்துவிட்டோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. நூறு மீட்டர் போனால் சராசரியாக அரை மீட்டருக்குச் சற்று அதிகமான தாழ்வு. கண்ணுக்கு அது சமதரை. எஞ்சினுக்கு அப்படி இல்லை.

இன்னொன்று காற்று. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று மலையில் மோதி, வழி தேடி, இந்தத் திறப்புக்குள் புகுந்து கிழக்கே பாய்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்தில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். கார்த்திகை, மார்கழியில் திசை திரும்பிவிடும். கிழக்கிலிருந்து வறண்ட காற்று கணவாய்க்குள் புகுந்து பாலக்காட்டையும் திருச்சூரையும் உலர்த்தும். அங்குள்ளவர்கள் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். கேரள மின்வாரியம் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்க்க 1990-களின் நடுவில் தேர்ந்தெடுத்த இடம் கஞ்சிக்கோடு. 225 கிலோவாட் இயந்திரங்கள் ஒன்பதை அங்கே நிறுவினார்கள். இயந்திரத்தைச் சுழற்றும் அளவுக்கு வலுவான காற்று, சாலையில் போகும் காரை மட்டும் சும்மா விடுமா?

எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1100 கிலோ எடையுள்ள ஒரு சிறிய பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். அது சமதரையில் நகர்வதற்கு இரண்டு எதிரிகளைச் சமாளிக்க வேண்டும். முதலாவது டயர். உருளும்போது டயர் நசுங்கி நிமிர்ந்து, நசுங்கி நிமிர்ந்து சூடாகிறது. அந்தச் சூடு பெட்ரோலிலிருந்து போனது. நல்ல தார்ச் சாலையில் அதன் எதிர்ப்பு சுமார் 11 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பதற்கான விசைக்குச் சமம். வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறாது. இரண்டாவது காற்று. அது வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 50 கிலோமீட்டரில் 8 கிலோ. 60-ல் 11 கிலோ. 80-ல் 20 கிலோ. 100-ல் 32 கிலோ. ஆக 60-ல் போகும்போது டயரும் காற்றும் சரிக்குச் சரி. அதைத் தாண்டிய பிறகு காற்றுதான் முதல் எதிரி.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டால் 8 மெகாஜூல். மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். காற்றே அசையாத ஒரு நாளில் 80-ல் சீராக ஓட்டினால், 50 கிலோமீட்டர் சமதரைக்கு 1.9 லிட்டர் ஆகும். இப்போது 300 மீட்டர் உயரத்தைச் சேருங்கள். அந்தக் காரை அவ்வளவு உயரம் ஏற்ற 400 மில்லி பெட்ரோல் வேண்டும். இறங்கும்போது பிரேக் போடாமல் வந்தால் அதே 400 மில்லி மிச்சம். ஆக, பாலக்காட்டுக்குப் போக 1.5 லிட்டர், திரும்பி வர 2.3 லிட்டர். லிட்டருக்கு 33 கிலோமீட்டர் ஒரு பக்கம், 22 கிலோமீட்டர் மறுபக்கம். ஓட்டுபவரின் பாதத்தில் எந்த மாற்றமும் இல்லை.

காற்றைச் சேர்த்தால் கணக்கு இன்னும் விரிகிறது. கணவாய்க்குள் 30 கிலோமீட்டர் தூரத்துக்கு, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்போம். அது மரக்கிளையை ஆட்டும் காற்றுதான், சூறாவளி அல்ல. எதிர்க்காற்றில் 80-ல் போகும் கார் 100-ல் போவதுபோல உணரும். 20 கிலோவாக இருந்த எதிர்ப்பு 32 ஆகிவிடும். இறக்கம் கொடுத்த 400 மில்லியை இந்தக் காற்று ஒன்றே குடித்துத் தீர்த்துவிடும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக்குப் போகிறவருக்கு நடப்பது இதுதான். இறக்கம் தள்ளுகிறது, காற்று தடுக்கிறது, மைலேஜ் 26. திரும்பும்போது மேடு இழுக்கிறது, காற்று தள்ளுகிறது, மைலேஜ் 25. கார்த்திகையில் இரண்டும் கூட்டணி சேர்ந்துவிடுகின்றன. போகும்போது 40-ஐத் தாண்டும், வரும்போது 18. லேசான சுமையில் எஞ்சினின் திறன் குறையும் என்பதால் நிஜத்தில் இடைவெளி இவ்வளவு விரியாது. ஆனால் விலகும் திசை இதுவே.

இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பின்காற்று தரும் லாபமும் எதிர்க்காற்று தரும் நஷ்டமும் சமமல்ல. 80-ல் போகும்போது பின்காற்று 20-லிருந்து 11-க்குக் குறைக்கும், அதாவது 9 கிலோ லாபம். எதிர்க்காற்று 12 கிலோ நஷ்டம். எனவே காற்றுள்ள நாளில் போய்வந்தால் மொத்தத்தில் கொஞ்சம் கூடத்தான் செலவாகும். ஆனாலும் போக, வர இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: காற்றில்லாத நாளில் 3.8 லிட்டர், காற்றுள்ள நாளில் 3.9 லிட்டர். ஒரு வழியில் இரட்டிப்பாக மாறிய கணக்கு, இரு வழியையும் சேர்த்ததும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. வண்டிகளைச் சோதிக்கும் பொறியாளர்கள் ஒரே பாதையில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுப்பது இதற்காகத்தான். வீட்டில் மைலேஜ் பார்க்கிறவர்களும் இதைச் செய்யலாம், செலவில்லாத வேலை.

அளப்பது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த முறை. ஐந்து லிட்டர் மட்டும் தீர்ந்த நிலையில் நிரப்பினால், பங்கில் குழாய் சற்று முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் அரை லிட்டர் மாறிவிடும். அதுவே பத்து சதவீதம். முப்பது லிட்டர் தீர்ந்தபின் பார்த்தால் அதே பிழை இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பெட்ரோல் பத்து டிகிரி சூடேறினால் கொள்ளளவில் ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும் என்பதும் உண்டு. ஓடும் திரவத்தைத் துல்லியமாக அளப்பது தனிக் கலை. அதற்கென்றே 1987-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் ஒன்று கஞ்சிக்கோட்டிலேயே இருக்கிறது. எஃப்.சி.ஆர்.ஐ. என்று ஊரில் சொல்லும் ஃப்ளூயிட் கன்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட். தண்ணீர், எண்ணெய், காற்று ஓட்டத்தை அளக்கும் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஒரு குழாயில் போகும் எண்ணெயை அளப்பதற்கு ஆய்வுக்கூடமே தேவைப்படும்போது, ஒரே ஒரு பயணத்தில் பார்த்த மைலேஜை வைத்து ஓட்டும் முறைகளில் ஒன்று சரி, இன்னொன்று தவறு என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

கார் விளம்பரத்தில் வரும் மைலேஜ் எண்ணும் இப்படிச் சாலையின் குழப்பங்களைக் கழித்துவிட்டு எடுத்ததுதான். வண்டியை உருளைகள்மேல் ஏற்றிக் கட்டி, குறித்த வேகத் திட்டப்படி ஓட்டுகிறார்கள். அந்தத் திட்டத்தின் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர். அங்கே ஆடிக்காற்று கிடையாது, வாளையார் இறக்கம் கிடையாது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் உதவும். நம் வீட்டுச் செலவைக் கணிக்க அவ்வளவாக உதவாது.

சாலையையும் காற்றையும் கழித்தாகிவிட்டது. மீதி இருப்பது ஓட்டுபவர். அவர் கையில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. மூர்க்கமாக ஓட்டினால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம், நின்று நின்று போகும் நகர நெரிசலில் 10 முதல் 40 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி எந்த வழியாகப் போகிறது என்பதை உற்றுப் பார்த்தால், மிச்சம் பிடிக்கும் வழியும் தானாகவே தெரியும்.

அது போகும் வழி பிரேக். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நம் 1100 கிலோ காரில் இருக்கும் இயக்க ஆற்றல், 19 மில்லி பெட்ரோலைச் செலவழித்துச் சேர்த்தது. 80-ல் போனால் 34 மில்லி. பிரேக்கை அழுத்தி நிறுத்தும்போது அது முழுவதும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போகிறது. இன்றைய விலையில் 60-லிருந்து ஒவ்வொரு முறை நிற்பதும் கிட்டத்தட்ட இரண்டு ரூபாய். சிக்னலில் ஒரு நிமிடம் எஞ்சின் சும்மா ஓடினால் 10, 12 மில்லிதான் ஆகிறது. சிக்னலில் எஞ்சினை அணைத்துப் பெருமைப்படுகிறவர், அந்தச் சிக்னலுக்கு ஐம்பது மீட்டர் இருக்கும்வரை ஆக்சிலரேட்டரை மிதித்து வந்து பிரேக் போட்டிருந்தால், அணைத்து மிச்சம் பிடித்ததை முன்பே தொலைத்துவிட்டார். அணைப்பது நல்ல பழக்கம்தான், எனக்கு மறுப்பில்லை. பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

வாளையாரைத் தாண்டியதும் பாம்பாம்பள்ளம் டோல்கேட் வருகிறது. அங்கே வண்டிகள் எப்படி நெருங்குகின்றன என்று பார்த்தாலே போதும். பெரும்பாலான கார்கள் கடைசி வரை ஒரே வேகத்தில் வந்து, வரிசையின் வாலில் பிரேக்கை அமுக்கி நிற்கும். அனுபவமுள்ள லாரிக்காரர்கள் வெகு தூரத்திலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். கியரிலேயே வண்டி தளர்ந்து தளர்ந்து வரும். அது வந்து சேர்வதற்குள் முன்னாலிருக்கும் வரிசை நகர்ந்துவிடும். பல நேரம் அவர்கள் நிற்கவே வேண்டியதில்லை. பெரிய லாரியை நிறுத்தி மறுபடி கிளப்புவதற்கு எவ்வளவு டீசல் ஆகும் என்பது அவர்களுக்கு முதலாளியிடம் கணக்குச் சொல்லியே பழகிப்போன விஷயம். நம் காரில் 80-லிருந்து காலை எடுத்தால், டயரும் காற்றும் எஞ்சினும் சேர்ந்து பிடித்து, 30-க்கு வேகம் குறைய ஏறக்குறைய 300, 400 மீட்டர் ஆகும். அவ்வளவு தூரத்தில் வரிசை தெரிகிறதென்றால், அங்கேயே காலை எடுத்துவிடலாம்.

அந்த 400 மீட்டரில் எஞ்சின் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது? ஒரு சொட்டுகூட இல்லை. இதைப் பலரும் நம்ப மறுக்கிறார்கள். இங்கேதான் நியூட்ரல் விவகாரம் வருகிறது. நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும்:

"இறக்கத்துல எதுக்குங்கண்ணா கியர்ல வர்றீங்க? நியூட்ரல் தட்டி விட்டீங்கன்னா சும்மா உருண்டுட்டுப் போகுமுங்க."

"உருண்டு போயிரும் தம்பி. நிறுத்துறது யாரு?"

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. அம்பாசிடரும் பத்மினியும் பழைய மாருதி 800-ம் ஓடிய காலத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கொடுத்தது கார்புரேட்டர். அதற்கு மூளை கிடையாது. எஞ்சின் காற்றை உறிஞ்சினால் அது பெட்ரோலைக் கலந்து அனுப்பும். கியரில் இறங்கும்போது சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுற்றும். காற்று வரும் வழியில் மூடியிருக்கும் திராட்டில் வால்வுக்குப் பின்னால் உறிஞ்சும் வலு அதிகமாகும். ஐடில் ஜெட் வழியாகப் பெட்ரோல் வீணாக வந்துகொண்டே இருக்கும். நியூட்ரலில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், பெட்ரோலும் குறையும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் கண்டுபிடித்தது அந்தக் காலத்து எஞ்சினுக்குச் சரியாகவே இருந்தது.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. இதில் ஒரு சிறிய கணினி, கால் ஆக்சிலரேட்டரில் இருக்கிறதா, எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்பதை ஒவ்வொரு கணமும் பார்த்துக்கொண்டிருக்கும். கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது, பெட்ரோல் தேவையில்லை என்று புரிந்துகொண்டு இன்ஜெக்டரை மூடிவிடும். உடனடி மைலேஜ் காட்டும் திரை இருக்கும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இதைக் கண்ணால் பார்க்கலாம். நான்காவது கியரில் இறங்கும்போது ஓட்டுபவர் காலை எடுத்த மறுநொடி எண் சரசரவென்று ஏறி, அந்தத் திரையால் காட்ட முடிந்த உச்சத்தில் போய் நின்றுவிடும். செலவே இல்லாததால் வகுக்க எதுவும் இல்லை. எஞ்சின் சுற்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியதும் மெல்லிய ஓர் அதிர்வு வரும், எண் சரிந்துவிடும். எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க இன்ஜெக்டர் மறுபடி திறந்துகொண்டது என்று பொருள். நியூட்ரலில் இறங்கினாலோ எஞ்சின் தன் உயிரைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்கும். டீசல் லாரிகளில் இது இன்னும் பழைய கதை. மின்னணுக் கட்டுப்பாடு வருவதற்கு முன்பே, டீசல் பம்ப்பில் இருந்த கவர்னர் இறக்கத்தில் டீசலை நிறுத்தித்தான் வந்தது. கியரில் இறங்கிய லாரி அன்றும் டீசல் குடிக்கவில்லை.

அப்படியானால் நியூட்ரலில் லாபமே கிடையாதா? நேர்மையாகச் சொன்னால், மிக மெல்லிய இறக்கத்தில் உண்டு. கியரில் விட்டால் எஞ்சின் பிடித்து வண்டி தளர்ந்துவிடும், மறுபடி மிதிக்க வேண்டியிருக்கும். நியூட்ரலில் அது வெகுதூரம் உருளும். தானாகக் கியர் மாற்றும் சில வெளிநாட்டுக் கார்களில் இந்த உருளலைக் கணினியே செய்கிறது. 1939-ல் அமெரிக்காவில் ஷெல் நிறுவன ஆய்வாளர்கள் தங்களுக்குள் கட்டிய பந்தயத்திலிருந்து வளர்ந்த ஷெல் எகோ மாரத்தான் போட்டியில், எஞ்சினைச் சிறிது நேரம் நல்ல சுமையில் ஓட்டி, பிறகு அணைத்துவிட்டு உருளவிடுவதுதான் மாணவர் அணிகளின் முக்கிய உத்தி. ஆனால் அது எதிரே வண்டி வராத மூடிய தடம். கணினி செய்வதும் ஆபத்தென்றால் நொடியில் கியரைப் பிடித்துக்கொள்ளும். கஞ்சிக்கோட்டுச் சாலையில் பின்னால் கன்டெய்னர் லாரியை வைத்துக்கொண்டு கையால் செய்யும் வேலை இல்லை இது. சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிடுவது அதைவிடக் கொடுமை. பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டீயரிங் கனத்துவிடும், பூட்டிக்கொள்ளவும் கூடும்.

இடுக்கி எல்லைக்குப் போனால் இந்த விவாதமே முடிந்துவிடுகிறது. போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூர்ப் பக்கம் இறங்கும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் குறைகிறது. நம் சிறிய கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது கழற்றிவிட வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 11 மெகாஜூல். பெரிய அண்டாவில் 35 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். நியூட்ரலில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை நான்கு சக்கரங்களின் பிரேக் தாங்க வேண்டும். பதினாறு டன் லாரிக்கு இதே கணக்கு ஐந்நூறு லிட்டர் தண்ணீர். பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் 140 டிகிரியை ஒட்டியே கொதித்துக் குமிழியாகிவிடும். பிறகு பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்ததுபோல உள்ளே போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைச்சாலை ஓட்டுநர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் இருக்கும் அறிவு எவ்வளவு ஆழமானது! எஞ்சின் பிடிப்பதால் பிரேக் குளிர்ந்திருக்கும், பெட்ரோலும் செலவாகாது. பாதுகாப்பும் சிக்கனமும் ஒரே பக்கம் நிற்கும் இடம் இது.

ஆக்சிலரேட்டரை முட்டைபோல மிதிக்கும் விஷயத்துக்கு வருவோம். கேட்க நன்றாக இருக்கிறது, பாதிதான் சரி. பெட்ரோல் எஞ்சின் தன் நல்ல நிலையில் முப்பத்தைந்து சதவீதத் திறனோடுகூட வேலை செய்யும். லேசான சுமையில் இருபதுக்கும் கீழே போய்விடும். திராட்டில் பாதி மூடியிருக்கும்போது குறுகிய சந்து வழியாகக் காற்றை இழுக்கவே எஞ்சின் பாடுபடுவதும், சுற்றுக்குச் சுற்று உள் உராய்வுக்குக் கப்பம் கட்டுவதும்தான் காரணம். ஆகவே மெதுவாக, மெதுவாக, மூன்றாவது கியரிலேயே நீண்ட நேரம் உறுமிக்கொண்டு வேகம் பிடிப்பதில் லாபம் இல்லை. ஓரளவு அழுத்தமாக மிதித்து, 2000, 2500 சுற்றுக்குள் அடுத்த கியருக்கு மாறி, சீக்கிரம் டாப் கியருக்குப் போய்விடுவது நல்லது. எஞ்சின் உதறினால் மட்டும் ஒரு கியர் இறங்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி மேலே போட்ட கணக்கே போதும். 80-ல் டயரும் காற்றும் சேர்ந்து 31 கிலோ, 100-ல் 43, 50-ல் 19. மத்திய அரசின் பெட்ரோலியம் சேமிப்பு அமைப்பான பி.சி.ஆர்.ஏ. 1978-லிருந்து இயங்குகிறது, 80-க்குப் பதில் 45 முதல் 55-க்குள் போனால் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் என்பது அது நெடுங்காலமாகச் சொல்லிவருவது. நான்குவழிச் சாலையில் 50-ல் ஊர்ந்தால் பின்னால் வருகிறவருக்கு இடைஞ்சல், நமக்கும் ஆபத்து. ஆனால் 100-லிருந்து 80-க்கு இறங்குவது எல்லோராலும் முடியும். அந்த 50 கிலோமீட்டரில் ஏழு, எட்டு நிமிடம் கூடுதலாக ஆகும். சக்கரத்துக்குத் தேவையான ஆற்றலில் கால் பங்குக்கு மேல் மிச்சம். இதைவிட எளிய வித்தை வேறு இல்லை. டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் சரிபார்ப்பது அடுத்தது. ஏசி பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்: ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஜன்னலைத் திறக்கலாம், நெடுஞ்சாலையில் திறந்த ஜன்னலே காற்று எதிர்ப்பைக் கூட்டிவிடும். பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் ஏசி இல்லாமல் வியர்த்து எரிச்சலோடு ஓட்டுகிறவர் பிரேக்கில் இழப்பது ஏசி குடிப்பதைவிட அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

பிரேக்கில் தொலையும் ஆற்றலைத் திரும்பப் பிடிக்க முடியுமா? இதே கணவாயில், சாலைக்குப் பக்கத்திலேயே ஓடும் ரயில் பாதையில் அது நடக்கிறது. இந்திய ரயில்வேயின் புதிய மூன்று ஃபேஸ் மின்சார எஞ்சின்கள் வேகம் குறைக்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, மின்சாரத்தை மேலே போகும் கம்பிக்குத் திருப்பி அனுப்பிவிடும். வாளையாரிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு அப்படி இறங்கும் ரயில் தரும் மின்சாரத்தை, எதிரே மேட்டில் ஏறும் இன்னொரு ரயில் பயன்படுத்திக்கொள்ள முடியும். மின்சாரக் காரும் ஹைபிரிட் காரும் செய்வது இதன் சிறு வடிவம். 1100 கிலோ கார் 300 மீட்டர் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 0.9 யூனிட் மின்சாரம். பிரேக் போட வேண்டிய இடங்களில்கூட அதில் பெரும்பகுதி வீணாகாமல் பேட்டரிக்குத் திரும்பும்.

மின்சாரக் காரிலும் ஓட்டும் முறைக்கு இடம் உண்டு. பேட்டரிக்குப் போய்வரும் வழியில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு இருப்பதால், முன்கூட்டியே காலை எடுத்து உருளவிடுவது அங்கும் பிரேக் பிடித்து மீட்பதைவிட மேல். இன்னொன்றையும் மலைப்பக்கம் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்தை அது ஏற்காது. மோட்டார் பிடிப்பது குறைந்து, பாரம் முழுவதும் சாதாரணப் பிரேக்குக்கு வந்துவிடும். மூணாறிலோ பூப்பாறையிலோ இரவு தங்கி, காலையில் போடிமெட்டு வழியாக இறங்கப் போகிறவர்கள் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பாமல், எண்பதிலேயே பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது. மீதியை இறக்கமே ஏற்றத் தொடங்கும்.